பட்டியலில் நான்காவது பெயர்

எல்மா கங்காஸ் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வைஃபை பெட்டியின் பட்டியலை. அடுப்பில் காபியைக் கொதிக்க வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தி, பெட்டியின் பக்கத்தைத் திறப்பாள். வீட்டு அலையில் அந்த நிமிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று அது வரிசையாகக் காட்டும். எல்மாவின் போன். தொலைக்காட்சி. அவள் கணவன் ரெய்னோ வாங்கி வைத்துவிட்டுப் போன பிரின்டர். மூன்றும் அவளுடையவை, எங்கேயும் போகாதவை. நான்காவது பெயர் ஐந்து நாற்பதுக்கு வரும். ‘ஹில்யா டேப்லெட்’. அது வந்த பிறகுதான் காபியைக் கோப்பையில் ஊற்றுவாள்.

ஹில்யா அவளுடைய அக்கா. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது, அறுபது அடி வெற்று நிலம்தான். அந்த அறுபது அடியைத் தாண்டி இருவரும் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. எல்மாவுக்கு வயது எழுபத்தொன்று, ஹில்யாவுக்கு எழுபத்து நான்கு. ஹில்யா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பெலும்பு தேய்ந்து தடி ஊன்றி நடக்கிறாள். அக்கா விழுந்து கிடக்கிறாளா, எழுந்து நடமாடுகிறாளா என்று எல்மாவுக்குத் தெரிவிக்க உலகத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

எண்ணிப் பார்க்கிற பழக்கம் எல்மாவுக்குத் தொழிலில் வந்தது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். மிச்சிகனின் வடகோடியில், ஏரியிலிருந்து அடிக்கிற காற்றில் பனி ஆள் உயரம் கொட்டுகிற கோர்ப்பி ஊரில், ஒரு நாள்கூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஒரு பிள்ளையைக்கூட வண்டியில் மறந்து விட்டதில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்து போய், குனிந்து, ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். கடைசியாக இறங்குகிறவர்தான் பொறுப்பு என்பது அவள் சட்டம். ஓய்வு பெற்ற அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து இதைத்தான் மெச்சிப் பேசினார்கள். எல்மா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காரணம் அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்த அறுபது அடி நிலத்தில் ஒரு சௌனா இருந்தது. தாத்தா மரத்தை வெட்டிச் செதுக்கிக் கட்டிய நீராவிக் குளியல் வீடு. அப்பா பிறந்ததே அதற்குள்தான். அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் இரண்டு வீடும் அங்கே சேரும். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு, வீட்டில் ரெய்னோ ஒற்றை ஆண் ஆன பிறகு அவன் மட்டும் கடைசியில். அடுப்பில் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வியர்த்து, வெளியே வந்து பனியில் நின்று, மறுபடி உள்ளே போய், கடைசியில் காபி. கடைசியாக வெளியே வருகிறவர் அடுப்பின் காற்றுவழியை மூட வேண்டும், அடுப்புக்கு மேலே எதுவும் தொங்காமல் பார்க்க வேண்டும். எழுதி ஒட்டத் தேவையில்லாத விதி.

ரெய்னோ கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சனிக்கிழமை, கடைசியாக வெளியே வந்தவள் எல்மா. நனைந்த கம்பளிக் காலுறையை அடுப்புக்கு மேல் கம்பியில் காயப் போட்டாள். போன் அடிப்பது போல் இருந்தது, ரெய்னோ பற்றிய சேதியோ என்று வீட்டுக்கு ஓடினாள். போனில் யாருமில்லை. காலுறை கம்பியிலேயே கிடந்தது. அரைமணி நேரத்தில் சௌனா எரிந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது தாத்தாவின் மரம் மொத்தமும் தணலாகிவிட்டது. யார் கடைசி என்று தீயணைப்பு ஆள் கேட்டார். பயத்தில் எல்மாவின் வாயிலிருந்து வந்த பெயர் ஹில்யா.

அடுத்த நாள் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் ஹில்யாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார், போதகர் ஆறுதல் சொன்னார். அத்தனை வருடம் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்த எல்மா மறந்தாள் என்று ஹில்யா சொன்னால் யார் நம்புவார்கள்? ஹில்யா சொல்லத்தான் சொன்னாள், கடையில், தேவாலயத்தில், தபால் நிலையத்தில், ஒரே வாக்கியத்தை, மாற்றாமல். யாரும் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து அதை ஒரு அட்டையில் எழுதி எல்மாவின் தபால் பெட்டியில் போட்டாள். ‘கடைசியாக வெளியே வந்தவள் எல்மா. அது எல்மாவுக்கே தெரியும்.’ அடியில், சின்ன எழுத்தில்: ‘இதற்குப் பதில் வரும் வரை உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்.’ எல்மா அந்த அட்டையைக் கரண்டி வைக்கிற இழுப்பறையின் அடியில் வைத்தாள். பதில் எழுதவில்லை. வெட்கம் கெட்ட வேலைதான். அவளுக்கே அது தெரியும், நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு வருடம் கழித்து ரெய்னோ வைஃபை பெட்டி வாங்கினான். பூட்டுப் போடவில்லை. அந்த ஊரில் வாசல் கதவுக்கே பூட்டுப் போடுகிறவர்கள் கிடையாது. பனிப்புயலில் சிக்கினவன் எந்த வீட்டிலும் நுழைந்து அடுப்பருகே உட்காரலாம். அலைக்கு மட்டும் எதற்குப் பூட்டு என்றான். பெட்டியை ஜன்னல் ஓரமாக, ஹில்யா வீட்டைப் பார்த்த பக்கமாக வைத்தான். ஏன் அங்கே என்று எல்மா கேட்கவில்லை. ஒரு மாதத்தில் பட்டியலில் நான்காவது பெயர் வந்தது. ஹில்யாவுக்கு டேப்லெட்டை எப்படிச் சேர்ப்பது என்று காட்டிக் கொடுத்தது யார் என்றும் அவள் கேட்கவில்லை. ரெய்னோ இறந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இனிக் கேட்க முடியாது.

போன மாதம் இணையக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவள் இணைப்பின் வழியாக யாரோ சினிமாக்களைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறார்கள். இன்னொரு தடவை நடந்தால் இணைப்பைத் துண்டிப்போம். பின்னால் இருக்கிற வாடகைக் குடிலில் பனிவண்டி ஓட்ட வருகிற வெளியூர்க்காரர்கள்தான் செய்திருக்க வேண்டும். கூடவே புதுப் பெட்டி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். எல்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துண்டுத்தாளைப் பார்த்துப் பார்த்து, தானே அதை மாட்டினாள். பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தாள். போன், தொலைக்காட்சி, பிரின்டர், மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தன்னை மெச்சிக்கொண்டு ஒரு துண்டு ஏலக்காய் ரொட்டி கூடுதலாகத் தின்றாள்.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குப் பட்டியலில் மூன்று பெயர்தான். ஆறு மணிக்கும் மூன்று. காபி கொதித்து வற்றியது. ஆறேகாலுக்குத்தான் தான் செய்த வேலை அவளுக்கு உறைத்தது.

ஜன்னல் திரையை விலக்கினாள். ஹில்யா வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஹில்யாவே வெளியே வந்தாள். வீட்டு உடுப்பின் மேல் கோட்டு, ஒரு கையில் தடி, மறுகையில் டேப்லெட். மைனஸ் பதினைந்து குளிரில், படியில் நின்று, டேப்லெட்டை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள். பிறகு எல்மாவின் ஜன்னலைப் பார்த்தாள். எல்மா திரையை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். எழுபத்தொரு வயதில் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி பார்த்தபோது படியில் யாருமில்லை.

யாரும் யாரையும் பூட்டி வெளியே நிறுத்தாத ஊரில், தங்கை தன்னைப் பூட்டி வெளியே நிறுத்திவிட்டாள் என்றுதானே அவள் நினைத்திருப்பாள்? எல்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சௌனா நின்ற இடத்தில் அடிக்கற்கள் பனிக்கு வெளியே கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தன. அதுவரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டாள்.

பெட்டியின் அடியிலிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, ஹில்யாவின் தபால் பெட்டியில் வைத்தாள். அடுத்த நாள் அதே உறை எல்மாவின் தபால் பெட்டியில் கிடந்தது. பிரிக்கவே இல்லை. ரெய்னோ திறந்துவிட்ட அலை வேறு; எல்மாவிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். சொன்ன சொல்லில் நிற்பதில் அந்தக் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

அன்று இழுப்பறையின் அடியிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர் யொலாண்டா, டெக்சஸிலிருந்து பேசுகிறாளாம்.

“சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?”

“பிரச்சனை ஒண்ணும் இல்லம்மா. வைஃபைக்குப் பேரு மாத்தணும். பாஸ்வேர்டும் மாத்தணும்.”

“நல்ல வேலை செய்றீங்க. அடியில அச்சடிச்சத யாரும் அப்படியே வச்சிருக்கக் கூடாது. முதல்ல பாஸ்வேர்டு. நாய்க்குட்டி பேரு, பிறந்த நாளு எல்லாம் வேண்டாம். நீளமா ஒரு வாக்கியம் வைங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா.”

“எனக்கும் இன்னொருத்திக்கும் தெரிஞ்சது. பரவாயில்லையா?”

“அவங்கள நம்புவீங்களா?”

எல்மா அட்டையைப் பார்த்தாள். “அவ பொய் சொல்ல மாட்டா,” என்றாள்.

“அப்ப சரி. அடிங்க.”

அட்டையின் மேல் வரியை ஒரு எழுத்து மாறாமல் அடித்தாள். ஒற்றை விரலால் அடித்ததால் நேரம் பிடித்தது. எல்மா என்கிற தன் பெயரை இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. யொலாண்டா பொறுமையாகக் காத்திருந்தாள்.

“இப்ப பேரு. முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல ஏத்துக்காது. பக்கத்துல போறவங்க எல்லார் போன்லயும் இது தெரியும், அதனால பார்த்து வைங்க.”

எல்மா அதை முன்கூட்டியே உறையின் பின்பக்கம் எழுதி, எழுத்தை எண்ணி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் சரியாக முப்பது. ‘ஹில்யா, நீ எப்போதும் சொன்னதைச் சொல்.’ அதை யொலாண்டாவிடம் வாசித்துக் காட்டினாள்.

“மேடம், இது பூட்டு மேலேயே சாவி எங்க இருக்குன்னு எழுதி ஒட்டுற மாதிரி இருக்கு.”

“தெரியும்மா.”

“ஹில்யான்னா யாரு?”

“எங்க அக்கா.”

“பக்கத்துலதான் இருக்காங்களா?”

“அறுபது அடி.”

“இன்னொண்ணு இருக்கு மேடம்,” என்றாள். “அலைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்குள்ள போறதுக்கு வேற பூட்டு. ரெண்டாவத எல்லாரும் மறந்துடுவாங்க. அதையும் மாத்திட்டு வச்சிடலாம்.” மாற்றினார்கள். போனை வைக்க எல்மாவுக்கு மனம் வரவில்லை. அங்கே வெயிலா என்று கேட்டாள். இருபத்து மூன்று டிகிரி என்றாள் அவள். இங்கே பனி என்றாள் எல்மா. அதோடு பேச ஒன்றும் மிச்சமில்லை. பல நாளுக்குப் பிறகு அவள் ஒரு மனுஷக் குரலோடு பேசியது அதுதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் கூட்டுறவுக் கடையில், பணம் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்த வெர்னா சாரி கண்ணடித்தாள். பள்ளிக்கூடத்தில் எல்மாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

“என்னடி எல்மா, என் தம்பி உங்க ரோட்டுல பனி தள்ளப் போனான். அவன் போன்ல உன் வீட்டு வைஃபை ஹில்யாவ ஏதோ சொல்லச் சொல்லிக் கெஞ்சுதாமே? வாய் இருக்கறவங்க நேர்ல போய்க் கேக்கறது!”

“காபித்தூள் ஒரு டப்பா குடு. வாய மூடு.”

“ஊரே பேசுது. அப்படி என்னடி அவ எப்பவும் சொன்னா? எனக்கு மறந்தே போச்சு.”

எல்மாவின் முகம் காது மடல் வரை சிவந்தது. தன் வீட்டு விஷயத்தை அடுத்த வீட்டு நாய்க்குக்கூடக் காட்டாத ஜனங்கள் அவர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பெயரை அழித்துவிடலாம் என்று பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். அழிக்கவில்லை.

நாலாம் நாள் மூன்று பெயர். ஐந்தாம் நாள் மூன்று பெயர். அக்காவுக்குப் புரியவில்லையோ, அல்லது நன்றாகப் புரிந்துதான் பேசாமல் இருக்கிறாளோ என்று எல்மா ஒவ்வொரு காலையும் மேசையருகே உட்கார்ந்து குழம்பினாள். தனிமை என்றால் என்னவென்று ரெய்னோ போனபோது தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தாள். இல்லை. அப்போது பட்டியலில் நாலு பேர் இருந்தார்கள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். தட்டுகிறவர்கள் மதப்பிரசாரம் செய்கிறவர்கள், இல்லாவிட்டால் போலீஸ். எல்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

வாசலில் ஹில்யா நின்றாள். தடி, கோட்டு, ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றிய டேப்லெட். பனியில் நடந்ததில் மூச்சு வாங்கியது. அவள் முகம் இவ்வளவு சுருங்கிவிட்டது என்பது ஜன்னல் வழியாகத் தெரிந்ததே இல்லை.

“உள்ள வா அக்கா.”

“வரல.” பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். “இதுல உன் பெட்டி என்னவோ கேக்குது. என்ன அடிக்கறது?”

“நீ எப்பவும் சொல்றதத்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“உனக்குத் தெரியும்.”

“எனக்கு எழுபத்தி நாலு வயசு. மறந்து போச்சு. நீயே சொல்லு.”

ஹில்யா எதையும் மறக்கிறவள் அல்ல. ஐந்து வயதில் எல்மா தொலைத்த கையுறையின் நிறத்தை இன்றைக்கும் சொல்வாள். எல்மா உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து நீட்டினாள். ஹில்யா அதை வாங்கவில்லை. ஓரம் பழுத்த அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வச்சிருந்தியா?”

“ம்.”

“கண்ணாடி கொண்டு வரல. படி.”

எல்மா படித்தாள். பாதி வரை மூச்சுவிடாமல் ஓட்டினாள்.

“மெதுவா படி. நான் அடிக்க வேணாமா?”

முதலிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். ஹில்யாவின் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டது. கடைசியாக. வெளியே. வந்தவள்.

“யாரு வந்தது?”

“எல்மா.”

“காதுல விழல.”

“நான்தான் அக்கா. நான்தான் கடைசியா வந்தேன். காலுறையக் கம்பில போட்டுட்டு வந்துட்டேன். உன் பேரச் சொல்லிட்டேன். பயந்துட்டேன்.”

ஹில்யாவின் விரல் நின்றுவிட்டது. “அவ்வளவும் இதுல இல்லையே,” என்றாள்.

“இல்ல.”

“அட்டைல இருக்கறத மட்டும் சொல்லு.”

எல்மா மீதியைப் படித்தாள். ஹில்யா அடித்து முடித்து, அழுத்தினாள். வட்டம் சுழன்றது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுழல்வது நின்றது. அலைக்குறி வந்தது.

“சேந்துருச்சு,” என்றாள் ஹில்யா. டேப்லெட்டை ரொட்டிப் பையில் போட்டு, பையின் வாயை முறுக்கினாள்.

“காபி இருக்கு.”

“இன்னிக்கு வேணாம்.”

தடியை ஊன்றித் திரும்பி நடந்தாள். வந்த தடத்திலேயே கால் வைத்து, சௌனாவின் கற்களைச் சுற்றிக்கொண்டு போனாள். கற்களருகே ஒரு நிமிடம் நின்றாள், பிறகு நடந்தாள். எல்மாவுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. தைரியம் இல்லை. வாசலிலேயே நின்று, பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைகிற வரை வண்டியை எடுக்காமல் காத்திருப்பது போல, பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்தில் குளிர்ந்தது.

தன் வீட்டுப் படியில் ஏறிய பிறகு ஹில்யாவின் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

“கதவச் சாத்துடி! வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது.”

எல்மா கதவைச் சாத்தினாள்.